அக்காவின் கடலை நான் உடைத்த கதை

நன்றாகப் படிக்கிற அக்காவுக்குத் தம்பியாகப் பிறந்தவனுக்கு இரண்டே வழிகள்தான் உண்டு. ஒன்று, அவளைப்போல் படிப்பது. இன்னொன்று, அவளுக்கு உதவி செய்கிறேன் என்று கிளம்புவது. பி.காமில் பாதிப் பேப்பர்களைப் பாக்கி வைத்திருந்த நான் இரண்டாவது வழியில் போனேன்.

எழுபதுகளின் கடைசி. கடல் வாசமே அடிக்காத திருவண்ணாமலையில் பிறந்த என் அக்கா வசந்தா, விசாகப்பட்டினத்தில் ஆழ்கடல் மண்ணை ஆராய்ந்துகொண்டிருந்தாள். கடலடியில் குழாயை இறக்கி எடுத்த மண்ணை அடுக்கடுக்காகப் பார்த்து, பல்லாயிரம் வருடங்களுக்கு முன் அங்கே நீரோட்டம் எப்படி இருந்தது என்று கண்டுபிடிக்கிற வேலை. ஆராய்ச்சிக் கப்பலில் போக வாய்ப்பு வந்திருந்தது. மல்லாட்டை (வேர்க்கடலைதான்) மண்டி வைத்திருந்த அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"சேறு பாக்கறதுக்குக் கப்பல்ல போவணுமா? நம்ம ஏரியில இல்லாத சேறா?"

லீவில் வந்திருந்த அக்காவைப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பேச அழைத்தார்கள். அப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடி முன்வரிசையில் உட்காரவைத்தாள். கேட்டால் மனசு மாறுவார் என்று நம்பினாள்.

மேடையில் ஒரு மீன்தொட்டி நிறையத் தண்ணீர். நீல மை கலந்த குளிர்ந்த உப்புத்தண்ணீரை அதன் ஓரத்தில் ஊற்றினால், கனமாக இருப்பதால் அடியில் இறங்கித் தரையோடு ஊர்ந்து போகும். ஆழ்கடல் நீரோட்டமும் அப்படித்தானாம்.

"ஒரு சொம்பு ஐஸ் தண்ணி போதும்டா" என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

ஒரு சொம்பா? கடலுக்கா? (பெருந்தன்மை எனக்குப் பிறவிக் குணம்.) ஐஸ் ஃபேக்டரியில் ஒரு பெரிய பாளத்தையே வாங்கி, சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கொண்டுவந்து மேடைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

அக்கா நீலத் தண்ணீரை ஊற்றினாள். அது அழகாக அடியில் ஊர்ந்தது. "குளிர்ச்சி ஜாஸ்தியானா இன்னும் வேகமா எறங்கும்" என்றாள். அதுதான் எனக்கான அழைப்பு என்று நினைத்துக்கொண்டு, பாளத்தைத் தூக்கிவந்து தொட்டியில் போட்டேன்.

தொட்டி வெடித்தது. தலைமையாசிரியையின் செருப்பு மிதந்து போனது. அப்பாவின் வெள்ளை வேட்டி முழங்கால்வரை நீலம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்பா எழுந்தார். "வசந்தா, கெளம்பு. பாத்தது போதும்."

நான் ஐஸைவிடக் குளிர்ந்துபோய் நின்றேன். அக்கா என்னைத் திட்டவில்லை, கிளம்பவும் இல்லை. மேடையையொட்டிக் கட்டடவேலைக்குக் கொட்டியிருந்த மணல் குவியலை அறுத்துக்கொண்டு தண்ணீர் ஓடியிருந்ததைப் பார்த்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையிலிருந்து குதித்தாள்.

"யாரும் மிதிக்காதீங்க! கிட்ட வந்து பாருங்க. தண்ணி வேகமா பாஞ்ச எடத்துல பெருமணலா கெடக்குது. வேகம் கம்மியான எடத்துல மாவாட்டம் வண்டல். தண்ணியைத் தரை குடிச்சிடுச்சு. ஆனா எவ்ளோ வேகமா ஓடுச்சுன்னு மண்ணைப் பாத்தே சொல்லலாம். கடலுக்கு அடியிலயும் இதேதான். ஒரு அடுக்குல பெரிய துகள் ஜாஸ்தின்னா அந்தக் காலத்துல ஓட்டம் வேகம். பொடி ஜாஸ்தின்னா மந்தம்."

சிரிப்பு நின்றது. பெண்கள் மணலைச் சுற்றிக் குந்திக்கொண்டார்கள். கொஞ்சநேரம் கழித்து அப்பாவும் நீல வேட்டியோடு வந்து குந்தினார்.

"மல்லாட்டை தூத்தறப்ப பருப்பு கிட்ட விழுது, தோலு தூரமா பறக்குதே, அது மாதிரியாம்மா?"

"அதேதாம்ப்பா!"

அவர் வண்டலை விரலால் தொட்டுப் பார்த்தார். "கப்பல் என்னைக்குக் கெளம்புது?" என்றார்.

எத்தனையோ மேதாவிகளைப் பிறகு பார்த்திருக்கிறேன். உடைந்த கண்ணாடிக்கு நடுவே நின்று, மூச்சுகூட வாங்காமல் அதையே பாடமாக்கிய ஆளை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

சில வருடங்கள் கழித்து எனக்கு வேங்கிக்காலில் பெண் பார்த்தார்கள். காபி கொண்டுவந்த பெண் என்னை உற்றுப் பார்த்து, "ஐஸ் போட்டவர்தானே நீங்க?" என்றாள். அன்று மணலைச் சுற்றிக் குந்தியவர்களில் அவளும் ஒருத்தி! உடனே சம்மதமும் சொன்னாள். நான் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

தலைதீபாவளி முடிந்து நாங்கள் வீடு திரும்பியதும் அக்கா அவளிடம் கேட்டாள். "இவன்கிட்ட என்னத்தைப் பாத்து ஒத்துக்கிட்ட?"

"இவரை யாரு பாத்தா? உங்களுக்கு ஒரு தம்பி இருந்தாரு, கட்டிக்கிட்டேன் அண்ணி."

இன்றுவரை எங்கள் வீட்டு விசேஷங்களில் இந்தக் கதையைச் சொல்லாமல் பந்தி போடுவதில்லை. என் மனைவியும் ஒருமுறைகூட அதை மறுத்ததில்லை.