பட்டு என்றால் யார்?

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்காவும் நலம். அதாவது, உங்கள் அக்கா நலம். உங்கள் எல்லோர் சுகத்துக்கும் எழுதுங்கள். அதற்குமுன் எனக்கு ஒரு நியாயம் சொல்லுங்கள்.

தபால் ஆபீஸிலிருந்து ஓய்வுபெற்று மூன்று மாதம் ஆகிறது. இனி நாள் முழுக்க இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசலாம் என்று மனக்கோட்டை கட்டியிருந்தேன். உங்கள் அக்காவோ ஏரிப் பறவைக் காப்பகத்தில் தொண்டு செய்யச் சேர்ந்துவிட்டாள். விடிந்தால் கழுத்தில் பைனாகுலர், காலில் ரப்பர் பூட்ஸ். அங்கே ஒரு முக்குளிப்பான் நாலு குஞ்சு பொரித்திருக்கிறது. கட்டைவிரல் அளவு உடம்பு, முகமெல்லாம் கறுப்பு வெள்ளைக் கோடு. நீந்த அலுத்தால் அப்பன் முதுகிலேறி, இறகுக்குள் புகுந்து, தலையை மட்டும் நீட்டிப் பார்க்கும். அழகில்லை என்று நான் சொல்லவில்லை. பிறந்து ஒரு வாரத்தில் எவன்தான் அழகாக இருக்கமாட்டான்? ஆனால் கடைக்குட்டிக்கு உங்கள் அக்கா வைத்த பெயர் தெரியுமா? பட்டு! மாப்பிள்ளை, கல்யாணமான புதிதில் என்னைக் கூப்பிட்ட பெயர் அது! இப்போது எனக்கு வெறும் 'இந்தாங்க'தான். வயிறு எரிகிறது. முந்தாநாள் பொறுக்கமாட்டாமல் நானும் போனேன். பறவை பார்க்கும் குடிலில் இருபது பேர் மூச்சுக் காட்டாமல் இருக்க, ஜன்னலோரத்தில் உங்கள் அக்கா, "பட்டு, வா வா, என் தங்கமில்ல" என்று குழைந்தாள். பழக்கதோஷம்! "இதோ வந்துட்டேம்மா" என்று எழுந்துவிட்டேன். ஏரியில் இருந்ததெல்லாம் பறந்துபோயிற்று. "யாரும்மா இவரு?" என்று காப்பாளர் கேட்க, "எனக்குத் தெரிஞ்சவர்தான்" என்கிறாள். தெரிஞ்சவராம்! முப்பத்தொரு வருஷமாகத் தெரிஞ்சவர்!

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து, நானா குஞ்சா என்று உங்கள் அக்காவிடம் கேட்டு ஒரு முடிவு கட்டுங்கள். தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
தெரிஞ்சவர்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஒரு சேதி. இன்று காலை பட்டுவைக் காணோம். உங்கள் அக்கா அழுதுவிட்டாள். விட்டது தொல்லை என்று இருந்திருக்கலாம், மனசு கேட்கவில்லை. காப்பாளரோடு நானும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கோரைக்குள் "பட்டு, பட்டு" என்று தேடினேன். அறுந்த தூண்டில் நூலில் கால் சிக்கிக் கிடந்தது. எடுத்துவிட்டதும் என் சட்டைக் கைக்குள் புகுந்து, தலையை மட்டும் நீட்டிப் பார்த்தது, பயல்! அப்பனிடம் சேர்த்துவிட்டுக் கரையேறினேன். உங்கள் அக்கா துண்டோடு ஓடிவந்து, "பட்டு, சளி பிடிச்சிக்கப் போகுது" என்று தலை துவட்டினாள். என் தலையை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வர வேண்டாம். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் குழப்பம் என்று, குஞ்சுக்கு உங்கள் பெயரை வைத்துவிட்டோம்.