மண்டிக்காரரின் வலது சீட்டு

மலைப்பாதைக்கும் மனைவிக்கும் ஒரே சமயத்தில் பிடிக்காத ஒரு வண்டியை வாங்கி, இரண்டையும் சம்மதிக்க வைக்க வருஷக்கணக்கில் போராடிய மனிதர் உலக சரித்திரத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவரை எனக்குத் தெரியும். தெரியும் என்ன, அவருடைய காரில் புளி மூட்டைக்குப் பதிலாகப் பலமுறை போயிருக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் என்னை ஜமுனாமரத்தூர் ஆபீஸுக்கு மாற்றினார்கள். "நல்ல காத்து" என்றார் மேலதிகாரி, கண்ணைப் பார்க்காமல். காற்று நல்லதுதான். அதைத் தவிர வேளைக்கு வருகிற பொருள் அங்கே வேறு எதுவும் இல்லை, பஸ் உட்பட. சனிக்கிழமை கீழே போளூருக்கு இறங்கி, திங்கட்கிழமை மறுபடி மலையேறுவது என் வழக்கம். அப்படி ஒரு திங்கட்கிழமை, வராத பஸ்ஸுக்காகப் போளூரில் நின்றபோது, செருப்பு மாதிரி தரையோடு தரையாக ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. கூரை கிடையாது. இரண்டே சீட்டு. ஒன்றில் உப்பு மூட்டை. இன்னொன்றில் வேட்டியும் முண்டா பனியனும் தலைப்பாகையுமாக ஒருவர்.

"மலைக்கா சார்?"

"ஆமாங்க."

"எடை இன்னா வருவீங்க?"

சொன்னேன்.

"மூட்டையவுட கம்மிதான். ஏறுங்க" என்று மூட்டையை இறக்கி, எதிர்க்கடையில் வைத்துவிட்டு வந்தார். உத்தியோகம் கிடைத்தபோதுகூட என்னை இவ்வளவு தெளிவாக எடைபோட்டு யாரும் எடுத்துக்கொண்டதில்லை.

அவர் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மண்டிக்காரர். போளூரில் புளி மண்டி வைத்திருந்தார். மலையில் உலுக்கிய புளியில் பெரும்பகுதி அவரிடம்தான் போகும். ஒருமுறை புளி ஏற்றிக்கொண்டு சொந்த லாரியில் பெங்களூர் போனார். குதிரைப் பந்தயத்தில் நொடித்த பணக்காரர் ஒருவர் வீட்டு வாசலில் இந்தக் கார் நின்றிருந்ததாம். லாரியில் போனவர் காரில் திரும்பினார். லாரி திரும்பவில்லை. கையில் இருந்த சரக்குப் பணமும் திரும்பவில்லை. "அந்த வெலைக்குப் போளூர்ல ஒரு தெருவே வாங்கலாம்" என்று ஊர் சொன்னது. "தெருவ வெச்சிக்கினு மலையேற முடியுமா?" என்று இவர் கேட்டார். இன்றுவரை எனக்கும் பதில் தெரியவில்லை.

லாரி போய்விட்டதால், லாரி செய்த வேலையெல்லாம் கார் செய்ய வேண்டியதாயிற்று. மேலே போகும்போது உப்பு, மண்ணெண்ணெய். கீழே வரும்போது புளி, கடுக்காய், தேன் டின். ஒரு நடைக்கு ஒரு மூட்டை. மூட்டையைச் சீட்டோடு சேர்த்துக் கயிற்றால் கட்டுவார், கைக்குழந்தைக்குப் போடுகிற முடிச்சு மாதிரி பதமாக. காரின் இன்ஜின் பின்பக்கம் இருந்தது. மழைக்காலத்தில் ஈரப்புளியை அதன் மூடிமேல் பரப்பிக்கொண்டு வருவார். போளூர் வந்து சேர்வதற்குள் சுக்காகக் காய்ந்துவிடும். காட்டு ஓடை குறுக்கிட்டால் ஹாரன் அடிப்பார். வயலில் இருந்து நாலு பேர் வந்து காரைப் பல்லக்கு மாதிரி தூக்கி அந்தக் கரையில் வைப்பார்கள். பிறகு ஆளுக்கொரு பீடி. காவலூர் வானாய்வு நிலையத்தில் நட்சத்திரம் பார்க்க வந்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர், ஒருநாள் இந்தக் கார் இரண்டு வெள்ளாடுகளுடன் கடந்து போவதைப் பார்த்து நடுரோட்டில் நின்றுவிட்டார். எத்தனையோ அண்ட சராசரங்களைக் கண்ட கண் அது.

இந்தக் காரில் இன்னொரு கோணலும் இருந்தது. வெளிநாட்டுக் கார், ஸ்டீரிங் இடது பக்கம். மலை ஜனங்கள் பார்த்ததெல்லாம் பஸ்ஸும் லாரியும் ஜீப்பும். வலது பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் டிரைவர் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது. அதனால் வலது சீட்டில் உட்கார்ந்து போன என்னைத்தான் எல்லோரும் டிரைவர் என்று நினைத்தார்கள். மாடு மிரண்டால் திட்டு எனக்கு. "கண்ணு பொடனிலயா கீது?" என்று ஒரு அம்மா என்னைக் கேட்டாள். மண்டிக்காரர் இடது பக்கம் உட்கார்ந்து, "நல்லாக் கேளு மே, நானும் எத்தினி தபா சொல்றது!" என்று அவளோடு சேர்ந்துகொண்டார்.

இப்படி எல்லாரையும் எல்லாவற்றையும் ஏற்றிய மண்டிக்காரருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. அந்த வலது சீட்டில் அவருடைய சம்சாரம் ஒருநாள்கூட ஏறி உட்காரவில்லை.

கார் வந்த முதல் நாளே மாலை போட்டு, கதவைத் திறந்துவைத்து, "ஏறு" என்றாராம். மண்டிக்காரம்மா காரை ஒரு சுற்று சுற்றி வந்து, "உங்க பக்கத்துல புளி மூட்ட மாதிரி உக்காந்து வர்றதுக்கு வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம். அதிலிருந்து கல்யாணம், கருமாதி எதுவானாலும் அந்த அம்மா பஸ்ஸில் வருவார். இவர் பஸ்ஸுக்குப் பின்னாலேயே காலி சீட்டோடு வருவார். பஸ்ஸின் கடைசி சீட்டில் இருந்து அம்மா திரும்பிப் பார்த்தால், கையைக் காட்டி "வா" என்பார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். மலை முழுக்க இந்தக் கதை தெரியும்.

"தாழ்வா இருக்குதேன்னு பாக்கறாளோ சார்?" என்று என்னைக் கேட்பார். அப்போது எனக்குக் கல்யாணமாகவில்லை. அதனால் தைரியமாக ஆலோசனைகள் சொன்னேன். சீட்டுக்கு வெல்வெட் உறை போட்டார். ஜரிகைக் குஞ்சம் கட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. உறையில் புளிதான் ஒட்டியது.

இப்படியே போயிருக்கும். நடுவில் காளியாத்தா வந்தாள்.

போகிற வழியில் இருந்த ஒரு மலைக் கிராமத்தின் ஆத்தா அவள். முழ உயரத்துக்கு உற்சவ விக்கிரகம். விரல் தேய்ந்துபோனதைச் சரிசெய்ய அடிவாரத்து ஆசாரியிடம் கொண்டுவந்திருந்தார்கள். வேலை இழுத்துக்கொண்டே போய், திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிற நாளன்றுதான் முடிந்தது. பொழுது சாய்வதற்குள் ஆத்தா மேலே இருந்தாக வேண்டும். ஊர்க் கவுண்டர் அவளை மஞ்சள் துணியில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு மலையடிவாரத்தில் பஸ் ஏறப் போனார். நாங்கள் காரில் வந்து சேர்ந்தபோது, பஸ் படிக்கட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்தது.

"மூட்டையா? மேல போடு" என்றார் கண்டக்டர்.

"மூட்ட இல்ல. ஆத்தா."

"ஆத்தான்னா டிக்கெட்டு எடு. முழு டிக்கெட்டா, அர டிக்கெட்டா? வயசு இன்னா?"

"ஆத்தாளுக்கு இன்னா வயசுன்னு எவனுக்குய்யா தெரியும்?"

"அப்ப லக்கேஜி. லக்கேஜி மேலதான்."

"ஆத்தாளக் கோழிக் கூடையோட மேல போடுவியா? நீ புள்ளகுட்டிக்காரன்தானே?"

மண்டிக்காரர் காரை நிறுத்தினார். என் பக்கம் திரும்பி, "சார், எறங்குங்க" என்றார். ஆத்தா ஏறினாள், நான் இறங்கினேன். சீட்டு தாழ்வு, ஆத்தாளுக்கு ரோடு தெரியாது என்று கவுண்டர் ஆட்சேபித்தார். என் காலடியில் இருந்த சின்ன உப்பு மூட்டையைச் சீட்டில் போட்டு அதன்மேல் அவளை உட்கார வைத்தார்கள். ஆத்தாளைத் தனியாக அனுப்பக் கூடாதாம். கவுண்டர் பின்னால், இன்ஜின் மூடிமேல் கோணியை மடித்துப் போட்டு உட்கார்ந்து, அவளுக்குக் குடை பிடித்தார். முதல் வளைவிலேயே குடை தனி வழி போனது. கவுண்டர் போகவில்லை. நான் பஸ்ஸில் ஏறி, வயதைச் சொல்லாமலே முழு டிக்கெட் எடுத்துக்கொண்டேன்.

பஸ் அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது காரைச் சுற்றி ஒரே கூட்டம். உடுக்கைச் சத்தம். காரின் மூக்கில் குங்குமம். ஒரு பெரியவர் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தார்: "இந்த ரெண்டு கண்ணால பாத்தேன். ஆத்தாதான் ஓட்டிக்கினு வந்தா. மண்டிக்காரு சும்மா பக்கத்துல உக்காந்திருந்தாரு."

"நான்தான்யா ஓட்டினேன்!" என்று மண்டிக்காரர் கத்தினார்.

"அட உடுங்க மண்டிக்காரரே. ஆத்தா பக்கத்துல உக்காந்து வந்ததே உங்களுக்குப் பெரும இல்லியா?"

ஆத்தா வலது பக்கம் இருந்தாள். ஆகவே ஆத்தா ஓட்டினாள். இதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அது பரவாயில்லை. அடுத்து நடந்ததுதான் மண்டிக்காரரை நிலைகுலைய வைத்தது. கவுண்டர் வந்து வலது சீட்டில் மஞ்சள் துணி போட்டு, வேப்பிலை சொருகி, "ஆத்தா குந்தின எடத்துல மனுசன் குந்தக் கூடாது. அது மலை வழக்கம். இனி இது அவ எடம்" என்றார்.

மண்டிக்காரர் சீட்டுக்குக் குறுக்கே கையை நீட்டினார். "மூட்ட வெக்கல. சார ஏத்தல. ஆனா எம் பொண்டாட்டி… ஒரு நாள் ஏறுவான்னு இத்தினி வருசமா அந்த சீட்ட…" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. உடுக்கை நின்றுவிட்டது. விஷயம் எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் சிரிக்கவில்லை.

கவுண்டர் ரொம்ப நேரம் மீசையைத் தடவினார். "நான் குடுக்க முடியாது. ஆத்தா குடுத்தா உண்டு. கடைசி நாளு உங்க வூட்டம்மா பொங்க வெக்க வருவாங்க இல்ல? அன்னிக்குப் பூ கேட்டுடலாம்."

பூ கேட்பது என்றால், ஆத்தாளின் தலைமேல் பூவை வைத்துவிட்டுக் காத்திருப்பது. அவளுடைய வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். இடப்பக்கம் விழுந்தால் இல்லை.

கடைசி நாள் ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு நானும் போனேன். மண்டிக்காரம்மா வழக்கம்போல் பஸ்ஸில் வந்து, பொங்கல் வைத்துவிட்டுத் தட்டோடு நின்றார். கவுண்டர் ஆத்தாளிடம் உரக்கக் கேட்டார்: "தாயே, மண்டிக்காரு சம்சாரம் உன் சீட்டுல குந்தலாமா?" பூசாரி பூவை வைத்தார். பூ நகரவில்லை. பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை. அதில் முடிவு எனக்கு முன்பே தெரியும். மண்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தார். பூ ஒருமுறை ஆடியது. இடது பக்கம் விழுந்தது.

மண்டிக்காரர் அப்படியே மண்ணில் குந்திவிட்டார். தன் காரைவிடத் தாழ்வாக அவர் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன்.

"இன்னாத்துக்கு எல்லாம் சாவு வூட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?" என்றது ஒரு குரல். மண்டிக்காரம்மா. தட்டைக் கீழே வைத்துவிட்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டார். "வலது அவளுக்குன்னு ஆத்தாளே சொல்லிட்டா. இடது எனக்குன்னு பூவப் போட்டுட்டா. ஸ்டீரிங்கு எந்தப் பக்கம் கீது? சாவியக் குடுங்க."

"நீ ஓட்டுவியா?" என்றார் மண்டிக்காரர், மண்ணில் இருந்தபடியே.

"கேட்டீங்களா? கார் வந்த நாள்ல இருந்து ஏறு, ஏறுன்னீங்களே, ஓட்டறியான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? எங்கப்பன் வூட்டு மாட்டு வண்டில நான்தான் கவுறு புடிப்பேன். மூட்ட மாதிரி வரமாட்டேன்னு மொத நாளே சொன்னேன் இல்ல?"

எல்லோரும் கவுண்டரைப் பார்த்தார்கள். கவுண்டர் சீட்டில் இருந்த வேப்பிலையைக் காட்டினார். "ஆத்தாளே ஓட்டிக்கினு வந்த வண்டி. பொம்பள ஓட்டக் கூடாதுன்னு நான் எந்த வாயால சொல்றது?"

மண்டிக்காரர் எழுந்தார். இடுப்பில் இருந்த சாவியை எடுத்துக் கொடுத்து, இடது கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"நான் எங்க குந்தறது?"

அம்மா பின்பக்கம் பார்த்தார். "கோணி கீது இல்ல?"

கோயில் மைதானத்தை மூன்று முறை சுற்றினார்கள். முதல் சுற்றில் கூட்டம் சிதறியது. இரண்டாவதில் ஒரு பந்தல் கால் சாய்ந்தது. மூன்றாவதில் வண்டி வழிக்கு வந்தது. கியர் மாற்றும்போதெல்லாம் அம்மா நாக்கைத் தட்டி, மாட்டை அதட்டுவதுபோல் "ஹேய், ஹேய்" என்றார். இரண்டாவது கியர் என்று ஒன்று இருப்பதைக் கடைசிவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ரோட்டில் மற்ற வண்டிகளைப் புழுதியில் விடுவதற்கென்றே செய்த அந்தக் கார், மாட்டு வண்டி வேகத்தில் மலை இறங்கியது. பின்னால் ஜமுனாமரத்தூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே ஊர்ந்தது. பஸ்ஸின் முன்சீட்டில் நான். எனக்கு முன்னால், காரின் இன்ஜின் மூடிமேல், புளி காய்ந்த இடத்தில் மண்டிக்காரர்.

அதற்குப் பிறகு அவர் மறுபடி ஒரு பழைய லாரி வாங்கினார். புளி லாரியில் போனது. வலது சீட்டில் வாராவாரம் புது வேப்பிலை. ஸ்டீரிங்கில் அம்மா. எனக்கு இடம் போனது, பஸ்ஸையே நம்பினேன். பஸ் என்னை நம்பவில்லை.

எனக்கு மாற்றல் வந்த அன்று, "கொண்டுபோய் உடறோம் சார்" என்று இருவரும் வந்துவிட்டார்கள். மண்டிக்காரர் நகர்ந்து கோணியில் பாதி கொடுத்தார். நாங்கள் இரண்டு மூட்டைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். வளைவு வளைவாகக் கார் மெதுவாக இறங்கியது. கீழே புளிய மரங்கள், கேழ்வரகுக் கொல்லை, ஓடை. அவர் எதையும் பார்க்கவில்லை. காருக்குள் தொங்கிய சின்னக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"சார், பக்கத்துல உக்காரலன்னு அன்னிக்கு அழுதேன் பாருங்க" என்றார் என் காதில். "அவ பக்கத்துல இருந்து நான் ஓட்டினா ரோட்டத்தானே பாக்கணும். இங்க குந்திக்கினா, தோ, அவ மொகம் முழுசா தெரியுது."

இன்ஜின் சூடு கோணியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. கண்ணாடி அவருக்கு மறைந்துவிடுமே என்று, போளூர் வரும்வரை நான் அசையவில்லை.