கொஞ்சம் இருங்க என்று சொன்ன கணினி

விழித்துக்கொண்டே தூங்குவதில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே நல்ல தேர்ச்சி. கண் திறந்திருக்கும், தலையும் ஆடும், ஆள் மட்டும் அங்கே இருக்கமாட்டேன். இந்தத் திறமையோடு தொண்ணூறுகளின் கடைசியில் கோயமுத்தூரில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். (சேர்த்துக்கொண்டவர் மீதுதான் தப்பு.)

சுற்றுவட்டார ஆலைகளுக்கு நாங்கள் கணினி அமைத்துக் கொடுத்தோம். கறுப்புத் திரை, பச்சை எழுத்து, மவுஸ் கிடையாது. புரோகிராம்களைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, ஃபிளாப்பியில் கொண்டுபோய் நிறுவுவோம். புதுப் பொட்டலம் ஏறினால் பழையது தன் கோப்புகளோடு சுத்தமாகக் கழன்றுகொள்ளும். என் பொறுப்பில் இருந்தது, நீளமான பட்டியலைப் பக்கம் பக்கமாகத் திரையில் காட்டும் ஒரு குட்டிப் புரோகிராம். அதற்குப் புதுப் பதிப்பு வந்திருந்தது.

"இதைய ஒழுங்கா முடிச்சுக் குடுத்தீங்கன்னா திங்கக்கிழமையிலிருந்து நீங்க நிரந்தரமுங்க தம்பி" என்றார் முதலாளி. இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. என் ஆறு மாதத் தற்காலிகம் அந்தச் சனிக்கிழமையோடு முடிகிறது என்பது எனக்கே தெரியும்.

என் மேசை ஜன்னலோரம். பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று சாரலைத் தூக்கிக்கொண்டு வந்தது. வெளியே ஒரு வேப்பமரம் வெகுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தது. நானும் ஆட்டினேன். அந்த மயக்கத்தில் ஒரு யோசனை உதித்தது. பட்டியல் தீர்ந்தால் திரையின் அடியில் 'எண்ட்' என்று வருகிறதே, நம் ஊரில் யாராவது இப்படி மூஞ்சியில் அடித்தமாதிரி பேசுவார்களா? புரோகிராமைத் திறந்து மாற்றினேன். பக்கம் மிச்சமிருந்தால் 'மீதி இருக்குதுங்க'. கடைசியில் 'முடிஞ்சுதுங்க. கொஞ்சம் இருங்க'. இங்கிலீஷ் எழுத்தில்தான், ஆனால் நம் பேச்சு.

கொஞ்சம் இருந்தால் பட்டியல் தானாக மூடி, அடுத்த வேலைக்கான மெனு வந்துவிடும். அப்படி மூடச் சொல்லும் வரி ஒரு தனிக் கோப்பில் இருந்தது. பொட்டலத்தில் சேரவேண்டிய கோப்புகளின் பட்டியலில் அதன் பெயரை நான் எழுதவில்லை. அந்த நேரம் நான் சாரலில் இருந்தேன். என் கணினியில் அந்தக் கோப்பு முன்பே இருந்ததால் எல்லாம் ஜோராக ஓடியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கிணத்துக்கடவில் ஒரு தேங்காய்த்துருவல் ஆலைக்குப் போய் நிறுவினேன். முதல் பக்கம் வந்தது. 'மீதி இருக்குதுங்க' என்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது. மீதியை யார் பார்த்தார்கள்? (மொத்தமே மூன்று பக்கம்தான்.) திரும்பும் பஸ்ஸில் தென்னந்தோப்புகள் மெதுவாகப் பின்னால் நகர்ந்தன. ஒவ்வொரு மரமும் என்னைப் பார்த்து நிரந்தரம், நிரந்தரம் என்று சொல்லிக்கொண்டே போனது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு போன் வந்தது. ஆலை ஆபீசைக் கவனிக்கும் சாந்தாமணி அக்கா. குரலில் துளிக் கோபம் இல்லை.

"ஏனுங்க தம்பி, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கோணும்னு மட்டும் சொன்னீங்கன்னா தேவலைங்க."

"எதுக்குங்க அக்கா?"

"அதுதானுங்க தெரியல. கொஞ்சம் இருங்கன்னு எட்டு மணிக்குச் சொல்லுச்சுங்க. எல்லாரும் இருக்கறமுங்க."

மெனு வந்தால்தான் எந்த இயந்திரத்தில் எந்தச் சரக்கு என்று தெரியும். ஆலை முழுக்க மூன்று மணி நேரமாக உட்கார்ந்திருந்தது. உடைத்த தேங்காய் தொட்டியில் புளிக்க ஆரம்பித்திருந்தது. முன்பே கூப்பிட்டிருக்கலாமே என்றதற்கு, இருக்கச் சொன்ன பிறகு அவசரப்படுத்தினால் நல்லாயிருக்காது என்று நினைத்தார்களாம். பழைய 'எண்ட்' அங்கே நின்றிருந்தால் எட்டேகாலுக்கே வயரைப் பிடுங்கியிருப்பார்கள்.

க்யூ என்ற எழுத்தை அழுத்தினால் மூடிவிடும் என்றேன். அக்கா தயங்கினார். "அது மரியாதையா இருங்கன்னு சொல்லுது. நாம பொசுக்குன்னு எந்திரிச்சுப் போனா நல்லாவாங்க இருக்கும்?"

கெஞ்சினேன். போனில் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு தூரத்தில் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. எனக்கு அவமானத்தில் காது எரிந்தது. வேப்பமரத்தைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை.

முதலாளி என் கோப்புப் பட்டியலை வாங்கி மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தார். வாய் சும்மா இருக்காமல், என் நிரந்தரம் என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டேன். அவர் தாளை மடித்து என் சட்டைப்பையில் வைத்தார்.

"முடிஞ்சுதுங்க தம்பி" என்றார். "கொஞ்சம் இருங்க."

இன்னும் ஆறு மாதம் இருந்தேன். அதன்பிறகு நிரந்தரமாக்கினார். அந்தப் பொட்டலத்தையும் நிரந்தரமாக என் தலையிலேயே கட்டினார். பின்னால் எத்தனையோ பதிப்பு வந்தது. ஒவ்வொன்றையும் கடைசிப் பக்கம்வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

கல்யாணமான புதிதில் இந்தக் கதையை மனைவியிடம் சொன்னேன். (வேறு யார் மீதும் தப்பு இல்லை.) இப்போதும் மழை நாளில் ஜன்னலோரம் வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தால், மகள் வந்து என் தோளில் ஒரு விரலால் அழுத்தி, "க்யூ" என்பாள். அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வரும்.

"உடு கண்ணு. இன்னும் மீதி இருக்குதாட்ட."