துண்டுக்கு அடியில் ஒரு சாட்சி

வேல்ராஜ் அந்தக் கடிதத்தை முதலில் சட்டைப் பைக்குள் வைத்தார். மனைவி துவைக்க எடுத்துவிடுவாளோ என்று காலண்டருக்குப் பின்னால் செருகினார். தேதி கிழிக்க வருவாளே என்று தோன்றியதும் அங்கிருந்தும் எடுத்து, வேட்டி மடிப்பில் சுருட்டி இறுக்கிக் கட்டிக்கொண்டார். அதன் பிறகு அவரால் நிம்மதியாக உட்கார முடியவில்லை.

"என்னங்க, விடிஞ்சதுலருந்து இடுப்பைப் புடிச்சுக்கிட்டே நிக்கிறீக?" அடுப்படியிலிருந்து முருகலட்சுமி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. வாய்வு."

ஒரு தம்ளர் நிறைய ஓமத் தண்ணி வந்தது. சொன்ன பொய்க்கு மரியாதை கொடுத்து முழுவதையும் குடித்தார்.

கடிதம் ராமநாதபுரம் வேளாண் விற்பனை அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. மிளகாய்ச் சந்தையில் துண்டு போட்டு விலை பேசும் முறையை விளக்க, வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு நேரில் வரவேண்டும் என்று இருந்தது. அந்த வியாழன் இன்றுதான். அதே பதினொரு மணிக்கு, அதே அறைக்குத்தான் முருகலட்சுமியும் போகிறாள். அந்தத் துண்டை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று மனுப் போட்டதே அவள்தான்.

வேல்ராஜ் இருபத்தாறு வருடமாக முண்டு மிளகாய்த் தரகர். அவர் தொழிலுக்கு முதலீடு தோளில் கிடக்கும் துண்டு ஒன்றுதான். விற்பவர் கையும் வாங்குபவர் கையும் துண்டுக்கு அடியில் போகும். எந்த விரலை எத்தனை முறை அழுத்துகிறார்கள் என்பதுதான் விலை. வெளியில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. விதைத்து, களையெடுத்து, பழம் பறித்து, களத்தில் காயவைத்த பெண்கள் பத்தடி தள்ளி நிற்பார்கள். அடுத்த ஆம்பளை கையைத் துண்டுக்குள் பிடிக்க முடியுமா?

முடியாது. அதனால் விலையை வாயால் சொல்லு என்றாள் முருகலட்சுமி. சொன்னதோடு நிற்கவில்லை. முப்பத்தாறு ஊர் மிளகாய்க்காரப் பெண்களைச் சேர்த்துக் கூட்டமைப்பு ஒன்று தொடங்கினாள். வாலிநோக்கம் உப்பளப் பெண்களையும் திருப்பாலைக்குடி கருவாட்டுக்காரிகளையும் கூட்டணிக்கு இழுத்தாள். மிளகாய், உப்பு, கருவாடு மூன்றையும் ஒரே லாரியில் ஏற்றிக் கேரளத்துக்கு அனுப்பி, நேரடியாக விலை பேசினார்கள். போன மாதம் ஓர் ஏற்றுமதிக்காரர் கார் போட்டுக்கொண்டு மண்டியைத் தாண்டி முருகலட்சுமி வீட்டு வாசலில் வந்து இறங்கினார். அவருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தது வேல்ராஜ்தான்.

பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் துண்டு போனால் தன் பிழைப்பும் போகுமே? கடிதம் வந்த அன்றே மண்டி முதலாளி யோகேஸ்வரனுக்குப் போன் போட்டார்.

"மொதலாளி, சாட்சிக்கு என் பேரைக் குடுத்தது நீங்கதானே?"

ஊரில் மழை பெய்தாலும் தன் ஏற்பாடு என்று சொல்லக்கூடியவர் யோகேஸ்வரன். "பின்ன வேற யாரு குடுப்பா? துண்டோட அருமையை நீ எடுத்துச் சொல்லணும்யா. வீட்டம்மாவுக்குத் தெரியாமப் பாத்துக்க."

அங்கேதான் சிக்கல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், முருகலட்சுமியிடம் மறைக்க முடியாது.

"நான் இன்னைக்கு வாலிநோக்கம் போறேன்" என்றார். "நம்ம சின்ன மச்சானோட மாமனார் தவறிப் போனாராம். கேதம்."

"அடப் பாவமே" என்றவள் உடனே போனை எடுத்தாள். "உலகம்மாக்கா, உங்கூர்ல கேதமாக்கா?"

வேல்ராஜ் துண்டை உதறித் தோளில் போடுவதற்குள் உலகம்மாள் திருப்பிக் கூப்பிட்டுவிட்டாள். உப்பளச் சங்கத்தின் தலைவி அவள். அவளுக்குத் தெரியாமல் வாலிநோக்கத்தில் அலைகூட அடிக்காது.

"இந்த வாரம் அங்கன யாரும் சாகலையாம்ங்க" என்றாள் முருகலட்சுமி. "அக்கா நேர்லயே போயிப் பாத்துட்டாக. மாமனாரு நல்லாத்தான் இருக்காராம். உங்ககிட்டப் பேசணும்கிறாரு, இந்தாங்க."

போனிலிருந்து வந்த வசவுகளைக் காதோடு வாங்கி வைத்துக்கொண்டு, "தப்பான தகவல் மாமா, நூறு வருசம் இருக்கணும்" என்று வேல்ராஜ் குழைந்தார்.

அடுத்த பொய்யைச் சாமி மேல் போட்டார். "அப்ப நான் திருவாடானைக் கோயிலுக்குப் போறேன். ஒரு நேர்த்திக்கடன் கெடக்கு."

"என்ன நேர்த்திக்கடன்?"

இதை அவர் யோசித்து வைக்கவில்லை. "நூத்தியெட்டுச் சுத்து."

"நல்லதாப் போச்சு. எங்க வேன் அந்த வழியாத்தான் போகுது. ஏறுங்க."

வேனில் பதின்மூன்று பெண்கள் இருந்தார்கள். வேல்ராஜுக்கு முன் இருக்கையைக் காலிசெய்து கொடுத்தார்கள். கோயில் வாசலில் இறங்கி, "நீங்க போங்க, நான் பஸ்ஸுல வந்துக்கிறேன்" என்றார் அவர்.

"சாமி காரியத்துல அவசரம் ஆகாது அண்ணே. நாங்க இருக்கோம்" என்று எல்லோரும் இறங்கினார்கள். "எண்ணிக்கை விட்டுப்போகாம நான் எண்ணுறேன்" என்று ஒருத்தி பிரகாரத்தில் நின்றும்கொண்டாள்.

சின்னக் கோயிலாக இருந்தாலாவது பரவாயில்லை, இதுவோ பெரிய கோயில். நாலாவது சுற்றில் மூச்சு வாங்கியது. ஏழாவது சுற்றில் வயிற்றிலிருந்த ஓமத் தண்ணி பேச ஆரம்பித்தது. பதினோராவது சுற்றில் அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"மிச்சத்துக்குச் சாமிகிட்ட வாய்தா கேட்டுருக்கேன்" என்றார்.

"சாமி குடுத்துருச்சா?" என்று கேட்டாள் முருகலட்சுமி. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. அதுதான் அவரைக் கலக்கியது.

"குடுத்துருச்சு. இப்ப ராமநாதபுரத்துல ஒரு ஆளைப் பாக்கணும்."

"அட, நாங்களும் அங்கனதான போறோம்!"

இப்படியாக, பெண்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டியவர் பெண்களின் வேனிலேயே, அவர்களுடைய புளியோதரையைச் சாப்பிட்டுக்கொண்டு பயணம் செய்தார். திருப்பாலைக்குடியில் கருவாட்டுக்காரிகள் நாலு பேர் ஏறினார்கள். இடம் போதவில்லை என்று மனுக்கள் அடங்கிய அட்டைப்பெட்டியை வேல்ராஜின் மடியில் வைத்தார்கள். முப்பத்தாறு ஊர்க் கைநாட்டும் கையெழுத்தும் அவர் தொடை மேல் கனத்தன.

அலுவலகத்து வாசலில் அந்தப் பெட்டியோடுதான் அவர் இறங்கினார். எதிரே யோகேஸ்வரன் நின்றிருந்தார்.

"யோவ், நீ எந்தக் கட்சிய்யா?"

"வேவு பாக்குறேன் மொதலாளி" என்று கிசுகிசுத்தார் வேல்ராஜ். தனக்கே அது நம்பும்படியாக இல்லை.

உள்ளே விசாரணை அதிகாரியின் நாற்காலியில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். வியாபாரிகள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். உலகம்மாளும் வந்து முதல் வரிசையில் இருந்தாள். வேல்ராஜ் கதவோரமாகச் சுவரோடு சுவராக நின்றார்.

"வேல்ராஜ் யாரு? முன்னால வாங்க."

போச்சு. முன்னால் போனார். முருகலட்சுமி பக்கம் திரும்பவே இல்லை. இனி ஒளிக்க ஒன்றும் இல்லை என்றானதும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அம்மா, துண்டுங்கிறது ஒரு மரியாதைம்மா. ஒருத்தர் வெல ஒருத்தருக்குத் தெரியாது. பொறாமை இல்ல, சண்டை இல்ல. சத்தமாப் பேசுனா வாய் பொய் சொல்லும், வெரல் பொய் சொல்லாது."

யோகேஸ்வரன் தலையாட்டினார். அதிகாரியும் ஆர்வமாகக் கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு. நான் இதைப் பாத்ததே இல்லை. செஞ்சு காட்டுங்களேன். நான் பத்து மூட்டை மிளகாய் கொண்டு வந்திருக்கேன்னு வச்சுக்குங்க."

அந்த அம்மா எழுந்து வந்து கையை நீட்டினார். வேல்ராஜ் துண்டை எடுத்தார். நீட்டிய கையைப் பார்த்தார். தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்ன ஆச்சு?"

"பொம்பளையாள் கையை எப்பிடிம்மா புடிக்க? வேற ஆம்பளையாள் யாராச்சும்..."

"மிளகாய் என்னோடது. நான்தானே பேசணும்?"

"வீட்டுக்காரரை வரச் சொல்லணும்மா."

"அவர் இல்லைன்னா?"

"அண்ணன் தம்பி."

"அவங்களும் இல்லைன்னா?"

வேல்ராஜுக்கு வியர்த்தது. பொய் சொல்லியே காலையிலிருந்து களைத்துப் போயிருந்தவர், இந்த முறை உண்மையைச் சொல்லிவிட்டார்.

"அப்ப தள்ளி நிக்க வேண்டியதுதான். நாங்களாப் பாத்துச் சொல்றதை வாங்கிக்கிட்டுப் போகணும்."

 தான் சொன்னது அவருக்கே காதில் விழுந்தது. இருபத்தாறு வருடத்தில் எத்தனை பெண்கள் அப்படித் தள்ளி நின்றிருப்பார்கள்! ஒருத்தி முகமாவது நினைவுக்கு வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்ததே இல்லை. வேல்ராஜுக்கு வெட்கமாக இருந்தது.

அதிகாரி தன் இடத்துக்குப் போய் எழுதினார். பிறகு வாசித்தார். அடுத்த சந்தையிலிருந்து துண்டு கிடையாது. பகிரங்க ஏலம். விலையை எல்லோர் காதிலும் விழும்படி கூவவேண்டும்.

"கூட்டமைப்பு மனுவோட கடைசிப் பத்தியையும் ஏத்துக்கிறேன்" என்றார். "இத்தனை நாள் தரகு பாத்தவங்களுக்கே ஏலம் கூவுற வேலையைக் குடுக்கணும்னு கேட்டிருக்காங்க. அவங்க பிழைப்பும் நடக்கணுமாம்."

உலகம்மாள் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். அரசாங்க அலுவலகம் என்றுகூடப் பார்க்காமல் பதினேழு பேரும் சேர்ந்துகொண்டார்கள். அதிகாரி தடுக்கவில்லை. யோகேஸ்வரன் வேல்ராஜைப் பார்த்த பார்வையில் இருபத்தாறு வருடச் சிநேகிதம் முடிந்தது.

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டது என்பார்களே, அது இதுதான் என்று நினைத்தபடி வேல்ராஜ் வெளியே வந்தார். பிழைப்பு தப்பித்தது, சரி. வீடு? எதிர்த்தரப்புச் சாட்சியாக நின்றவனுக்கு ராத்திரி யார் சோறு போடுவார்கள்? வாசலில் முருகலட்சுமி பெண்களுக்கு நடுவே நின்று யாருக்கோ போனில் செய்தி சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் பக்கம் பார்க்கவில்லை.

மெதுவாகப் பக்கத்தில் போய் நின்றார். "முருகலட்சுமி, ஏதோ வியாபாரிக கூப்புட்டாகளேன்னு..."

அதற்குள் எழுத்தர் சாட்சிகள் கோப்பை விரித்துப் பிடித்தபடி அவரைத் தேடிக்கொண்டு வந்து நீட்டினார். வேல்ராஜ் மேலே இருந்த தாளில் தன் பெயரைத் தேடினார்.

"அண்ணே, கையெழுத்துப் போடாமப் போறீங்களே. அதுல தேடாதீங்க, அது வியாபாரிக பட்டியல். உங்க பேரு பெண்கள் கூட்டமைப்புப் பட்டியல்ல முதல் சாட்சி, பக்கத்துலயே எழுதியிருக்காங்க பாருங்க: 'இவர் அடுத்த பெண்ணின் கையைத் தொடவே மாட்டார் என்பதற்கு, மனைவியாகிய நான் உத்தரவாதம்.'"