ஐம்பதாவது கிலோமீற்றரில் நின்ற மாப்பிள்ளை

ஐரோப்பாவில் உள்ள அத்தனை தமிழர்களும் சேர்ந்து இதுவரை இறுக்கிய சில்லு நட்டுகளைவிட, எங்கள் ஐம்பதண்ணை தனியாக இறுக்கியவை அதிகம். இதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்லத் தயார். தன்னுடைய காருக்கு மட்டும் இறுக்கியிருந்தால் இந்தக் கணக்கு வந்திருக்காது. என்னுடையது, மரக்கறிக் கடைக்காரரின் வான், கோயில் ஐயரின் கார், கட்டடத்துக் குப்பை வாளியின் சின்னச் சில்லுகள் என்று அவர் கைபடாத சில்லு ஊஸ்டரில் கிடையாது.

இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய வருடங்களில் சுவிஸில் உள்ள ஊஸ்டர் நகரத்தில் நாங்கள் ஒரே கட்டடத்தில் குடியிருந்தோம். அண்ணைக்கு ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. அவருடைய சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. பின்னாளில் அவருடைய கல்யாண அழைப்பிதழ் வந்தபோது பாதி ஊஸ்டர் எனக்குத் தொலைபேசி எடுத்து, யார் இந்த மாப்பிள்ளை, எங்களுக்கு ஏன் அனுப்பியிருக்கிறார் என்று கேட்டது.

பெயர் வந்த கதை இதுதான். அண்ணை முதன்முதலில் ஒரு பழைய கார் வாங்கி, பனிக்கால ரயர் மாற்றுவதற்காக கராஜுக்குக் கொண்டுபோனார். வேலை முடிந்ததும் கராஜ்காரர், ஐம்பது கிலோமீற்றர் ஓடிய பிறகு நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்க்கும்படி சொன்னார். எல்லோருக்கும் சொல்வதுதான். ஆனால் அண்ணையின் விசா அப்போது முடிவாகவில்லை. அந்தக் காலத்தில் மேசைக்குப் பின்னால் நிற்கிற சுவிஸ்காரர் எதைச் சொன்னாலும் நாங்கள் அதைச் சட்டம் என்றே எடுத்துக்கொள்வோம். ஐம்பதில் இறுக்காதவனை நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று அண்ணை முடிவுகட்டிவிட்டார். விசா கிடைத்தது. பயம் மட்டும் போகவில்லை. ஐம்பதுக்கும் நூறுக்கும் இடையில் எப்போது இறுக்கினாலும் போதும் என்று நான் பலமுறை சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“எனக்குச் சொன்னது ஐம்பது, தம்பி.”

இதில் ஒரு சிக்கல் இருந்தது. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். கார் ஐம்பது ஓட மாதக்கணக்காகும். அதுவரை அண்ணையால் பொறுக்க முடியாது. அதனால் வருடத்தில் இரண்டு முறை, ரயர் மாற்றிய மறுநாள், என்னையும் ஏற்றிக்கொண்டு கிரைஃபென்சே ஏரியைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார். ஏரியை நான் பார்ப்பேன். அவர் கிலோமீற்றர் எண்ணைப் பார்ப்பார். ஸ்ரியரிங் நடுங்குகிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா, காற்றுக் குறைந்தால் எரிகிற மஞ்சள் விளக்கு எரிகிறதா என்று வழிமுழுக்க விசாரணை நடக்கும். ஐம்பது வந்ததும் எந்த இடம் என்று பார்க்காமல் நிறுத்திவிடுவார்.

ஒருமுறை அந்த ஐம்பது ஒரு மாட்டுப்பட்டியின் வாசலில் வந்தது. அண்ணை குனிந்து இறுக்கிக்கொண்டிருக்க, பண்ணைக்காரர் ஓடிவந்து என்ன வேண்டும் என்று கேட்டார். அண்ணை மூச்சிரைக்க, “ஃபுன்ஃப்சிக், நூர் ஃபுன்ஃப்சிக்” என்றார். ஐம்பதுதான், வேறொன்றும் இல்லை என்பது அவர் சொல்ல வந்தது. அண்ணை பட்டியில் நின்ற கன்றுக்குட்டியை ஐம்பது பிராங்குக்குக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்ட மனிதர், முகம் சிவந்து கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அண்ணை எப்போதும் சரியாகச் சொல்வார் என்றும் இல்லை. சூப்பர்மார்க்கெட் வாசலில் ஒரு வயதான சுவிஸ் அம்மாவின் காரைப் பார்த்து, ரயரில் உள்ள அம்புக்குறி பின்னோக்கி இருக்கிறது, முன்னோக்கிச் சுழல வேண்டியதைத் திருப்பிப் பூட்டிவிட்டார்கள் என்று நிலத்தில் முழங்காலூன்றி விளங்கப்படுத்தினார். அந்த அம்மா, தன் சில்லைக் கழற்றப் போகிறான் என்று பொலிஸைக் கூப்பிட்டுவிட்டார். பொலிஸ் வந்து பார்த்ததில் அம்பு சரியாகத்தான் இருந்தது. அண்ணை தலைகீழாகக் குனிந்து பார்த்திருக்கிறார்.

நாற்பதை நெருங்கியும் அவருக்குக் கல்யாணம் ஆகாததற்கும் காரணம் இதுதான். பெண் பார்க்கப் போகிற வீடுகளில் பலகாரம் வரும் நேரத்தில் மாப்பிள்ளை கீழே கார்த் தரிப்பிடத்தில் இருப்பார். அப்படி நாலைந்து இடம் தட்டிப்போனது. பிறகு பெர்னில் ஓர் இடம் வந்தது. பெண்ணின் பெயர் கௌசி. ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக இருந்தார். அங்கேயும் அண்ணை தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு, கீழே நிற்கிற நீலக் காரில் ஒரு சில்லு மற்றதைவிடச் சப்பையாகத் தெரிகிறது, யாருடையது என்று கேட்டார். அது கௌசியின் மாமாவுடையது. மாமா கண்டிப்பானவர், அந்தக் குடும்பத்தில் கடைசி வார்த்தை அவருடையது. அவருடைய முகம் அப்போதே கோணிவிட்டது. கௌசி மட்டும் சிரித்தார். வீடு திரும்பும் வழியிலேயே, கௌசிக்குச் சம்மதம், மாமாவையும் இணங்கவைத்துவிட்டார் என்று செய்தி வந்தது. அண்ணை நம்பவில்லை. இன்னொருதரம் கேட்டு உறுதிப்படுத்தச் சொன்னார்.

கல்யாணம் ஈஸ்டர் முடிந்த இரண்டாம் கிழமை, பெர்னில். ஒக்டோபர் தொடங்கி ஈஸ்டர்வரை பனிக்கால ரயர் என்பது இந்த நாட்டில் எல்லோரும் சொல்கிற கணக்கு. அதனால் கல்யாணத்துக்கு முதல்நாள் அண்ணை கோடைகால ரயருக்கு மாற்றினார். இரண்டு நாள் பொறுக்கக் கூடாதா என்று நான் மன்றாடினேன். மாப்பிள்ளைக் கார் கறுத்த இரும்புச் சில்லோடு போய் நிற்பதா என்று கேட்டுவிட்டார். கோடைச் சில்லுகள் வெள்ளிபோலப் பளபளப்பவை.

அன்று இரவே அவருக்கு இன்னொரு கவலை வந்தது. பெர்னுக்குப் போகிற வழியில் ஐம்பதாவது கிலோமீற்றர், பாடென் பக்கத்துச் சுரங்கப் பாதைக்குள் விழுகிறது. சுரங்கத்துக்குள் நிறுத்த முடியாது. விடிகிற நேரம் கீழே கார்ச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பட்டு வேட்டியோடு மாப்பிள்ளை ஊஸ்டர் தெருக்களைச் சுற்றிக்கொண்டிருந்தார். கொஞ்சத்தை ஓட்டிக் கழித்தால் ஐம்பது சுரங்கத்துக்கு முன்னால் உள்ள நெடுஞ்சாலைத் தரிப்பிடத்தில் வந்து விழுமாம்.

விருந்தினர் பஸ் முன்னால் போய்விட்டது. மாப்பிள்ளைக் காரை நான் ஓட்டினேன். பக்கத்தில் தலைப்பாகையோடு அண்ணை. பின்னால் மாப்பிள்ளைத் தோழனாக கௌசியின் தம்பி சுதன், மடியில் கூறைச் சேலையும் தாலியும் வைத்த தட்டம். சுதன் பெர்னில் வளர்ந்தவன், வங்கியில் வேலை, அளந்து பேசுகிறவன். தரிப்பிடத்தில் நிறுத்தச் சொன்னபோது, அத்தானுக்கு அவசரம் போல என்று நினைத்து மலசலகூடம் இருக்கிற பக்கத்தைக் காட்டினான். அத்தான் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டி, துவாயில் சுற்றி வைத்திருந்த, நட்டு இறுக்குகிற நீளச் சாவியை எடுத்தார். சரியான இறுக்கம் வந்ததும் ‘டிக்’ என்று ஒலிக்கிற சாவி அது. தங்கக் கரை போட்ட தலைப்பாகையோடு ஒரு மனிதர் சில்லுச் சில்லாகக் குனிந்து எழும்புவதை ஒரு பஸ் நிறைந்த சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்தார்கள். நட்டு எல்லாம் இறுக்கமாகவே இருந்தது. சுதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நேரம் தாராளமாக இருந்தது.

அப்போதுதான் பனி கொட்டத் தொடங்கியது.

ஏப்ரல் மாதத்தில் இங்கே இது நடப்பதுதான். ஆனால் அன்று கொட்டியது சும்மா தூறல் இல்லை. கொஞ்ச நேரத்தில் தரிப்பிடம் வெளுத்தது. அண்ணை சாவியைக் கையில் பிடித்தபடி ரயரைப் பார்த்தார், றோட்டைப் பார்த்தார், மறுபடி ரயரைப் பார்த்தார். பிறகு காருக்குள் ஏற மாட்டேன் என்றார். நாங்களும் போகக் கூடாதென்று என் கையிலிருந்த கார்த் திறப்பைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டார். கோடைகால ரயரோடு பனியில் இறங்குவது கொலை என்றார். டாக்சி பிடிக்கலாம் என்று சுதன் சொன்னான். கூப்பிட்ட இடமெல்லாம் மணிக்கணக்கில் பொறுக்கச் சொன்னார்கள். மெதுவாக ஊர்ந்து போகலாம் என்று நான் சொன்னேன். அண்ணை காரைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். முதலில் இடப்பக்கமாக, பிறகு வலப்பக்கமாக. பட்டு வேட்டியின் கீழ்ப்பாதி நனைந்து காலில் ஒட்டியது.

மாமாவிடமிருந்து தொலைபேசி வந்தது. சுதன் விஷயத்தைச் சொன்னதும் மறுமுனையில் கிளம்பிய சத்தம் எனக்கே கேட்டது. முகூர்த்தத்துக்கு வராதவன் மாப்பிள்ளையே இல்லை, கல்யாண ஹோலில் இருக்கிற சனத்துக்குத் தான் என்ன பதில் சொல்வது, இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று அவர் கொதித்தார். அண்ணை எல்லாவற்றையும் கேட்டபடி நின்றார். நீளச் சாவியைத் துவாயில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். எத்தனையோ வருடம் இந்த மனிதரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன் கைமாறியது போலிருந்தது. சுதன் அதை அண்ணையிடம் நீட்டி, அக்கா கதைக்கிறா என்றான்.

அண்ணை போனைக் காதில் வைத்தபடி காரை இன்னொருதரம் சுற்றி வந்தார். பிறகு, “கௌசி, என்னாலை ஏலாது” என்றார். “பெடியள் ரெண்டு பேரும் காருக்குள்ளை இருக்கினம். அவையளை இந்தப் பனியிலை கொண்டுபோக எனக்கு மனசு வருகுதில்லை.”

போன் ஒலிபெருக்கியில் இருந்ததால் பதில் எங்களுக்கும் கேட்டது.

“ஏலாட்டி ஏலாதுதானே. அதுக்கேன் குரல் உடையுது? நிண்ட இடத்திலையே நில்லுங்கோ. நான் வாறன்.”

அவ்வளவுதான். கல்யாண வேலைகளில் கௌசிக்குத் தன் சின்னக் காருக்கு ரயர் மாற்ற நேரம் கிடைத்திருக்கவில்லை. அது இன்னும் பனிக்கால ரயரோடேயே நின்றது. ஹோலில் என்ன நடந்தது என்று பிறகு கேள்விப்பட்டோம். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டினாராம். பின்னேரம் இன்னொரு நல்ல நேரம் இருப்பதாகவும், முதலில் பார்த்ததைவிட அதுதான் விசேஷம் என்றும் கண்டுபிடித்தாராம். சமையல்காரர் மத்தியானச் சாப்பாட்டை முதலில் போட்டுவிட, சனத்துக்குக் கோபம் போய்விட்டதாம்.

நாங்கள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்தோம். பாதியில் பனி நின்றது, ஆனால் கௌசி ஏற்கெனவே புறப்பட்டுவிட்டார். மேகம் விலகி வெயில் எறித்தது. றோட்டிலிருந்து ஆவி பறந்தது. சின்னக் கார் வந்து சேர்ந்தபோது, பனி பெய்ததற்கான அடையாளமே தரிப்பிடத்தில் மிச்சமில்லை. முழு மணப்பெண் அலங்காரத்தோடு, மேலே தடித்த குளிர்ச் சட்டை, காலில் வேலைச் சப்பாத்துமாக கௌசி இறங்கினார். தனியாக அனுப்ப மனமில்லாமல் மாமாவும் கூடவே வந்திருந்தார். அவர் வானத்தைப் பார்த்தார், காய்ந்துகொண்டிருந்த நிலத்தைப் பார்த்தார்.

“எங்கை தம்பி உம்மட சினோ? ஒரு துளி பனியையும் காணேல்லை.”

அண்ணை தலைகுனிந்து நின்றார். நானும் சுதனும் வேறு திசைகளில் பார்த்தோம். கௌசி மட்டும் அண்ணையின் நனைந்த வேட்டியையும் கரி படிந்த விரல்களையும் பார்த்தார். கைப்பையிலிருந்து கடதாசி லேஞ்சி எடுத்து, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார். எல்லோருக்கும் முன்னால், தாலி கட்டுவதற்கு முன்னால். மாமா இருமினார். கௌசி நிறுத்தவில்லை.

“நட்டெல்லாம் சரியோ?” என்று கேட்டார்.

“ஓம்.”

“அப்ப என்ரை காரிலை ஏறுங்கோ. நான் ஓடுறன்.”

ஏறும்போது அண்ணை, இந்தக் காருக்கு எப்போது சில்லு மாற்றியது, அதற்குப் பிறகு இறுக்கியதா என்று மெல்லிய குரலில் விசாரித்தார். ஒக்டோபரில் மாற்றியது, இறுக்கியதே இல்லை என்று கௌசி சாதாரணமாகச் சொன்னார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணை சில்லைப் பார்த்தார். பிறகு கௌசியைப் பார்த்தார். பிறகு மடியிலிருந்த திறப்பை என்னிடம் நீட்டிவிட்டு ஏறி, கதவைச் சாத்தினார்.

மாமா என் பக்கத்து இருக்கையில் வந்து இருந்து, தாலித் தட்டத்தைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். சுரங்கத்தைத் தாண்டும்வரை புறுபுறுத்தார். அதற்குப் பிறகு அவரும் அடங்கி முன்னால் பார்த்தார். சின்னக் காரின் பின்கண்ணாடியில் தெரிந்த தலைப்பாகை கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, கடைசியில் கௌசியின் பக்கமாகச் சாய்ந்து அசையாமல் நின்றுவிட்டது. மாப்பிள்ளை நித்திரை. பாதை வெறிச்சோடிக் கிடந்தது, முந்திப்போக இடமும் இருந்தது. நான் முந்தவில்லை. பின்னால் வருகிற எவனாவது ஹோர்ன் அடித்து அந்த மனிதரை எழுப்பிவிடக் கூடாதென்று, பெர்ன்வரை அவர்களுக்குப் பின்னாலேயே போனேன்.