6.10: டிரைவர் கோளாறு

எதையும் மணி போட்டுக் குறித்துவைக்கும் வியாதி எனக்கு உண்டு. (முதல் பல் விழுந்த நேரம்கூட என்னிடம் இருக்கிறது.) அந்த வியாதி ஒருமுறை என் அக்காவின் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். மாதா கோயிலில் பத்து மணிக்குக் கல்யாணப் பூசை. பூசையில் எல்லோரும் பார்த்துப் பாடப் பாட்டுத் தாளை வீட்டிலேயே அச்சடித்துத் தருவதாக வீறாப்பாகச் சொல்லியிருந்தேன். கம்ப்யூட்டர் பிரிண்டரோடு பேச டிரைவர் என்றொரு மென்பொருள் வேண்டும். முந்தின வாரம் அதை ஏற்றும்போது பாதியில் கரண்ட் போய்விட்டது. அன்றிலிருந்து திரையில் ஒரே பிழைச் செய்தி. ஓகே கொடுத்தால் மறையும், அடுத்த நிமிடம் திரும்ப வரும்.

கல்யாணத்தன்று விடிந்ததும் உட்கார்ந்து, கைக்கு அகப்பட்ட நோட்டில் குறித்தேன். அது வீட்டில் எல்லோரும் புரட்டிப் பார்க்கும் கல்யாண வேலை நோட்டு.

6.10: டிரைவர் கோளாறு.
6.25: மறுபடியும் டிரைவர் கோளாறு.
6.40: இந்த டிரைவரைத் தூக்கிவிட்டுப் புதிதாகப் போடணும். இல்லாவிட்டால் இன்று வேலை நடக்காது.

அப்படியே செய்தேன். பழையதைச் சுத்தமாக நீக்கி மறுபடி ஏற்றியதும் பிரிண்டர் முனகிக்கொண்டே தாளைத் துப்பியது. உலகத்தை வென்றவனாக வாசலுக்கு வந்தால், சித்தப்பாவின் வேன் நின்றுகொண்டிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துவர ஏழரைக்கே நத்தம் கிளம்பியிருக்க வேண்டிய வேன். மணி எட்டைத் தாண்டிவிட்டது.

"அந்த ஆக்டிங் டிரைவர வேணாம்னு அனுப்பிட்டேன்ல அப்பு," என்றார் சித்தப்பா. "நீதான எழுதி வச்சிருக்க, விடிஞ்சதும் விடியாததுமா இம்புட்டு கோளாறு பண்றான்னு." வேறு ஆள் தேடியும் கிடைக்கவில்லையாம்.

தாள்கள் கையிலிருந்து சரிந்தன. உள்ளே அக்கா, மாப்பிள்ளை கிளம்பியாச்சா என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

டிரைவர் அந்தோணி அண்ணன் முக்கு டீக்கடையில் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டருக்குள்ளும் ஒரு டிரைவர் உண்டு என்று மூச்சிரைக்க விளக்கினேன்.

"பெட்டிக்குள்ள டிரைவரா?" என்றார். "இருவது வருசமா ஓட்டுறேன், ஒரு கோழியக்கூட இடிச்சதில்ல. நோட்டுல எழுதுனத நோட்டுலயே மாத்து. அப்பத்தான் வருவேன்."

ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்து எழுதினேன். 8.20: டிரைவரிடம் கோளாறு இல்லை. எழுதியவனிடம்தான். கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்.

மாப்பிள்ளை வந்து இறங்கியபோது மணி 10.12. பாட்டுத் தாளை ஒருவரும் பார்க்கவில்லை. அத்தனை பாட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

சில வருடம் கழித்து என் கல்யாணம். அதே வேன், அதே அண்ணன். பெண் வீட்டார் சூழ்ந்து நிற்க, சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நிதானமாக வாசித்தார்: "எட்டு மணி. மாப்பிள்ளை கோளாறு. தூக்கிட்டுப் புதுசாப் போடணும்."

அந்தச் சீட்டை என் மனைவி இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறாள். எங்களுக்குள் சண்டை வந்தால், பேச்சைத் தொடங்குமுன் கடிகாரத்தைப் பார்க்கிறாள்.