நூல் நனையாத தூண்டில்

மாடியில் துணி காயப்போடும் கயிறு காற்றில் விசிலடிக்கும்போதெல்லாம் எனக்குத் தென்காரா அண்ணையின் ஞாபகம் வந்துவிடும். இத்தாலியின் பலேர்மோவில் காற்றைக் கேட்காமல் பல்கூட விளக்காத ஒரே மனிதர் அவர்தான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சீசா என்ற பகுதியில் ஒரு நான்காம் மாடி வீடு, அதில் நாங்கள் நால்வர். விடிந்ததும் பல்கனிக்குப் போய் ஈர விரலை உயர்த்துவார். திரும்பி வந்து அறிவிப்பார்: "தெக்குக் காத்து. இண்டைக்குத் தடிச்ச நூல்தான்."

"மொண்டெல்லோவிலை வீடு கூட்டித் துடைக்க என்னத்துக்கு அண்ணை நூல்?" என்பான் குகன். வீடு அவன் பெயரில்தான் வாடகைக்கு இருந்தது.

அண்ணை வேலை செய்த வீட்டுக் கிழவர் ஒருகாலத்தில் ஜப்பானுக்குக் கப்பலில் போய்வந்தவர். அங்கிருந்து கொண்டுவந்த தூண்டிலை இவரிடம் கொடுத்திருந்தார். ஒன்றுக்குள் ஒன்று செருகி நீளும் மெல்லிய தடி. சுற்றுகிற சக்கரம் இல்லை. நுனியில் நேராக நூல், நூலின் கடைசியில் இறகு சுற்றிய பொய்ப்பூச்சி. மலையோடைகளுக்கென்றே பிறந்த அந்த முறைக்குப் பெயர் தென்காரா. அன்றிலிருந்து அவருக்கும் அதுவே பெயர்.

விளக்கத் தொடங்கினால் சோறு ஆறிவிடும். காற்றில்லாத நாளுக்கு முறுக்கிய நூல், அது பூச்சியைப் பூ உதிர்வதுபோல இறக்கும். காற்றடித்தால் அதே நூல் பட்டமாகிவிடும், அப்போது ஒற்றை இழையில் தடித்தது. புதருக்குள் குட்டை நூல், வெட்டவெளியில் நீளம். எதுவானாலும் நூல் நனையக்கூடாது, பூச்சி மட்டும்தான் தண்ணீரைத் தொடவேண்டும். நூல் பட்டால் ஓட்டம் அதை இழுக்கும், பூச்சி தறிகெட்டு ஓடும், மீனுக்கு விளங்கிவிடும்.

"மீனுக்கு விளங்குது. எனக்குத்தான் விளங்கேல்லை," என்பான் மன்னார் அன்ரன்.

நூல்களை அவரே முறுக்குவார். கதவுப்பிடியில் ஒரு முனை, ஜன்னலில் மறுமுனை, நடுவில் எங்கள் கழுத்துகள். ஒரு பொய்ப்பூச்சி அன்ரனின் காற்சட்டைப் பின்புறத்தில் கொழுவிக்கொண்டு மாதா கோயில் பூசைக்கும் போய்வந்தது.

"முழங்காலிலை இருந்து எழும்பேக்கை கத்திப்போட்டன் அண்ணை. சுவாமியார் நான் மனந்திரும்பிட்டன் எண்டு நினைச்சிட்டார்."

இத்தனைக்கும் இரண்டு கோடைகளில் அவர் ஒரு மீன்கூடப் பிடித்ததில்லை. வியாழன் பின்னேரமும் ஞாயிறும் லீவு. ஒரேத்தோ ஆறு நகரத்துக்குள் சாக்கடை என்பதால் பஸ் ஏறி மேலே, மலைப்பக்கம் போவார். வெறுங்கையோடும் புதிய தத்துவத்தோடும் திரும்புவார்.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் குகனின் புட்டுக்குள் ஓர் இறகு வந்தது.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. வாற ஞாயிறுக்குள்ளை ஒரு மீன். இந்தக் குசினியிலை சமைக்கோணும். இல்லாட்டி நூலுகளோடை நீங்களும் வேறை இடம் பாருங்கோ."

"சமைச்சா?"

"விரும்பின காலம் இருங்கோ. நூலை என்ரை மூக்கிலை கட்டினாலும் கதைக்கமாட்டன்."

அண்ணை அறைக்குள்ளேயே விரலை நனைத்து உயர்த்திப் பார்த்தார்.

வியாழன் வெறுங்கை. ஞாயிறன்று சாட்சியாக என்னைக் கூடவே அனுப்பினான் குகன். சிரோக்கோ என்ற தெற்குக் காற்று அடுப்புவாய்போல ஊதிக்கொண்டிருந்தது. முறுக்கு நூல் மரத்தில் ஏறியது. நீள நூல் என் தொப்பியைப் பிடித்தது. கடைசியில் குட்டையான தடித்த நூலைக் கட்டி, புதருக்கடியில் குனிந்து, மணிக்கட்டைப் பக்கவாட்டில் சுண்டினார். பூச்சி ஒரு கல்லின் நிழலில் விழுந்தது. மெல்லத் துடிக்கவிட்டார். நூல் வெயிலில் ஒரு கீறலாக நின்றது, பிறகு இறுகியது. கைநீளம்கூட இல்லாத புள்ளி மீன். தத்துவம் எதுவும் சொல்லாமல் அவர் நின்றது அன்றைக்குத்தான்.

நான்காம் மாடி ஏறும்போதே கற்பூரம் மணத்தது. அன்று நல்லூர் முருகன் கோயிலில் கொடியேற்றம். கொடி ஏறினால் திருவிழா முடியும்வரை யாழ்ப்பாணத்தார் வீட்டில் மீன் கிடையாது, அது பலேர்மோவானாலும். கலண்டரைப் பாராமல் தவணை சொன்ன குகன், குசினியைக் கழுவி, மச்சச் சட்டிகளைக் கட்டி வைத்துவிட்டு, விபூதியோடு வாசலில் நின்றான்.

"அங்கையே நில்லுங்கோ அண்ணை."

"மீன், தம்பி."

"தெரியுது."

உள்ளிருந்து அன்ரன் குரல் கொடுத்தான்: "எனக்கு நல்லூர் இல்லை. நான் பொரிக்கிறன்."

"உனக்கு இல்லை. குசினிக்கு இருக்கு."

"அப்ப நான் தோத்திட்டன்," என்றார் அண்ணை.

"நான் அப்பிடிச் சொல்லேல்லையே."

"சமைக்கோணும் எண்டது நீர்தானே. எனக்காக முருகனோடை கொழுவாதையும்."

மீனை முதலாம் மாடியில் இருந்த இத்தாலியக்காரி சிஞ்ஞோராவுக்குக் கொடுத்தார். அவள் உள்ளியோடு பொரித்த வாசம் நான்காம் மாடிக்கு ஏறியது. குகன் ஜன்னலைச் சாத்தினான். கொஞ்ச நேரத்தில் அவனே திறந்தான்.

கிழவரின் வீட்டுப் பின்னறை சும்மாதான் கிடந்தது. அங்கே போய்விடுவதென்று அண்ணை நூல்களை ஒவ்வொன்றாகக் கையில் சுற்றி எடுத்துக்கொண்டார். "நில்லுங்கோ" என்று நாங்கள் சொன்னதற்கு, "சொல்லு சொல்லுத்தான்" என்றார். பையைக் குகன்தான் பஸ் தரிப்புவரை தூக்கிவந்தான். பஸ் வந்ததும் அண்ணை வீட்டுச் சாவியை நீட்டினார். குகன் கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"திருவிழா முடிய வாங்கோ அண்ணை. திறப்பு உங்களிட்டையே கிடக்கட்டும்."